டேப்பில் ஏறாத மஞ்சள்

கண்ணு,

சுகமா இருக்கியாம்மான்னு கேட்டு எழுதியிருக்கே. ரொம்ப சுகமா இருக்கேன் சாமி. உன் பெரியப்பா சோறு தண்ணி சரியா இறங்காம, கண்ணைச் சுத்திக் கறுப்பு விழுந்து திரியறாருன்னு அவரு டிரைவர் வந்து சொல்லிப்போட்டுப் போனான். அன்னையிலிருந்து எனக்கு நல்லாப் பசிக்குது, படுத்தாத் தூக்கமும் வருது.

நம்ம மில்லுல உனக்கு ஆபீசர் நாற்காலி போட்டுத் தாரேன்னு அவரு எழுதினாராம். பட்டணத்து கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுட்டு அடுத்த மாசம் வாரேன்னு நீயும் ஒத்துக்கிட்டியாம். சரி. அதோட நிறுத்தியிருந்தா நானும் ரெண்டு வரியில ஆசீர்வாதம் எழுதி முடிச்சிருப்பேன். கடைசியில ஒண்ணு எழுதினியே, "பெரியப்பா மாறிட்டாரும்மா, ஒவ்வொரு கடுதாசியிலயும் உன்னைத்தான் விசாரிக்கறாரு, பழசையெல்லாம் மறந்துபோடும்மா"ன்னு. அந்த ஒத்த வரிக்குத்தான் இத்தனை பக்கமும் எழுதறேன். பழசு என்னன்னு தெரியாதவன் மறக்கச் சொல்லக்கூடாது. அது நடந்தப்ப நீ ஹாஸ்டல்ல இருந்தே, படிப்புக் கெட்டுப்போகும்னு நான் உனக்கு எழுதலை. இப்ப எழுதறேன். நாம ஊட்டுல பேசறது தெலுங்குன்னாலும் எழுத எனக்குத் தமிழ்தான் வரும். வையறதுக்கும் தமிழ்தான் தோதா இருக்குது.

இந்தக் கடுதாசியை நீ பெட்டிக்கடியில ஒளிச்சு வெக்க வேண்டாம். உன் பெரியப்பாகிட்டக் காட்டு. மில்லு ஆபீசுல சத்தமாப் படிச்சாலும் சரிதான். மிஷினைக் கண்ணால பார்க்காதவங்களும் கேப்பாங்கன்னுதான் உனக்குத் தெரிஞ்சதையும் சேர்த்து விளக்கமா எழுதறேன், கோவிச்சுக்காதே.

மில்லுக்குக் கார்டு மிஷின் வந்தப்ப நீ பள்ளிக்கூடத்துல அரைக்கால் சட்டை போட்டுட்டு இருந்தே. உங்கப்பா அன்னிக்கு எடுத்த முடிவுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம். "எம் பொண்டாட்டி கணக்குல பட்டம் வாங்கினவ, அவ இருக்கறப்ப வெளியிலயிருந்து ஆளெதுக்கு?"ன்னு என்னைக் கொண்டுபோயி அந்த ரூமுக்குத் தலைவியா உக்கார வெச்சுட்டாரு. மொதலாளி ஊட்டுப் பொம்பளை காலையில டிபன் கேரியரோட ஆபீசுக்குப் போறதை ஊரே வேடிக்கை பார்த்துச்சு. உன் பெரியப்பாவுக்கு மட்டும் அது வேடிக்கையாத் தெரியலை, தொண்டையில முள்ளாத்தான் இருந்துச்சு. நாலு பேருக்கு முன்னாடி என்னை "பஞ்ச் அடிக்கற பொண்ணு"ம்பாரு. நான் அவரைப் பாவான்னு கூப்பிட்டு, ஒரு வார்த்தைக்கு ரெண்டு "ங்க" போட்டுப் பேசுவேன். மரியாதையை விட்டுக் குடுத்ததே இல்லை, அதையும் எழுதி வெச்சுடறேன்.

வேலை என்னன்னா, மில்லுல இருக்கற ஒவ்வொரு ஆளுக்கும் தடிச்ச காகிதக் கார்டுல ஓட்டை போட்டு வெக்கறது. மொதக் கார்டுல ஆளோட நம்பர், எந்த டிபார்ட்மெண்ட், எப்பச் சேர்ந்தாங்கங்கற விவரம். அதுக்குப் பின்னாடி லீவுக்கு ஒரு கார்டு, பிராவிடண்ட் ஃபண்டுக்கு ஒண்ணு, அட்வான்சு வாங்கியிருந்தா அதுக்குத் தனியா. ஒருத்தருக்குப் பின்னாடி ரெண்டு கார்டு நிக்கும், இன்னொருத்தருக்கு ஏழெட்டு நிக்கும். நான் மொத நாளே சொன்னேன், "பாவா, பின்னாடி வர்ற ஒவ்வொரு கார்டுலயும் அந்த ஆளோட நம்பரைப் போட்டுடலாமுங்க. அப்பத்தான் எந்தக் கார்டு யாருதுன்னு அந்தக் கார்டே சொல்லும்." அவரு சிரிச்சுட்டாரு. "முன்னாடி ஒருக்கா போட்டாச்சில்ல அம்மணி? பின்னாடி நிக்கறது அவனோடதுதான்னு தெரியாதா? வெட்டி வேலைக்கு எத்தனை பொண்ணுங்களுக்குச் சம்பளம் குடுக்கறது?" சரி, மொதக் கார்டையாவது கலர் கார்டா வாங்கலாமுங்கன்னேன். கலர் சீமையிலயிருந்து வரணும், வெள்ளையே போதும்னுட்டாரு.

அதனால நானும் ரூமுப் பொண்ணுங்களும் ஒரு வழி பண்ணினோம். ஈரோட்டு மஞ்சளைப் பசையில குழைச்சு, மொதக் கார்டோட மேல் விளிம்புல மட்டும் லேசா இழுத்துக் காயவெச்சோம். எதை ஆரம்பிச்சாலும் மஞ்சள்லதானே ஆரம்பிக்கறோம், பொண்ணுங்களுக்கு அதுல ஒரு சந்தோசம். ட்ரேயை மேலயிருந்து பார்த்தா ஒரு மஞ்சக்கோடு, அப்புறம் கொஞ்சம் வெள்ளை, மறுபடி மஞ்சக்கோடு. ஒரு மஞ்சளுக்கும் அடுத்த மஞ்சளுக்கும் நடுவுல இருக்கறது ஒரு ஆளோட பொழப்பு. பொண்ணுங்க அந்தக் கோட்டைப் பார்த்து ஆளாளாப் பிரிச்சு மிஷினுக்கு ஊட்டுவாங்க. மிஷினுக்கு ஓட்டை மட்டுந்தான் தெரியும், மஞ்சளும் தெரியாது குங்குமமும் தெரியாது. அது தெரிஞ்சு நாங்க பார்த்துப் பார்த்துப் பண்ணினதால, நான் இருந்த வரைக்கும் ஒருத்தர் கணக்கு இன்னொருத்தர் மேல ஏறினதில்லை.

உங்கப்பா போய்ச் சேர்ந்தாரு. கருமாதி முடிஞ்ச மறுநாளே உன் பெரியப்பா ஊட்டுக்கு வந்து, "இனி நீ ஆபீசுக்கு வர வேண்டாமுங்கம்மணி. பையனைப் பார்த்துட்டு நிம்மதியா இரு. ஊரு நாலு விதமாப் பேசும்"ன்னாரு. எவ்வளவு பதவிசாச் சொன்னாரு தெரியுமா? கேட்டவங்க என் மேல இருக்கற அக்கறையில சொல்றாருன்னுதான் நெனைப்பாங்க. என் நாற்காலியில அவரு மருமகனை உக்கார வெக்கறதா அதுக்கு முன்னாடியே முடிவாயிருந்துச்சு. நான் ஆபீசுக்குப் போயி என் சாமானையெல்லாம் ஒரு தகரப்பெட்டியில போட்டு எடுத்துட்டு வந்தேன். மொத்த ஆபீசும் பார்த்துச்சு. வாசல்ல நின்னு அவருகிட்ட ஒண்ணு சொன்னேன், "பாவா, இந்தக் கார்டை எந்தப் புது மிஷினுக்கு அனுப்பறதா இருந்தாலும் மொதல்ல எல்லாத்துலயும் ஆள் நம்பரைப் போடச் சொல்லுங்க. மஞ்சள் நம்ம கண்ணுக்கு மட்டுந்தானுங்க." அவரு தலையை ஆட்டிப்போட்டு மருமகனோட பேசப் போயிட்டாரு.

அப்புறம் பட்டணத்து கம்ப்யூட்டருக்கு எல்லாத்தையும் மாத்தினாங்க. கார்டை அந்த மிஷின் படிச்சு, பாட்டு டேப்பு மாதிரி இருக்கற பெரிய டேப்புல ஏத்தும். கார்டு மேல ஏதாச்சும் குறி இருக்குதான்னு அவங்க கேட்டதுக்கு, மருமகப்பிள்ளை "ஏதோ அழுக்குங்க, மஞ்சளா இருக்கும்"னு பதில் எழுதினாராம். அதாவது பரவாயில்லை. உன் பெரியப்பா பண்ணினதைக் கேளு. கார்டு எல்லாம் ஒரே அளவு, ஆனா பாதிக் கார்டுல கடைசிப் பக்கம் காலியாத்தான் இருக்கும். காலி இடத்துக்கெல்லாம் டேப்பு எதுக்கு, காலியை எடுத்துப்போட்டு நெருக்கிப் போடுங்கன்னு சொல்லிட்டாரு. அவங்களும் கேட்டபடி பண்ணிக் குடுத்துட்டாங்க. அந்தக் காலி இடம் இருந்திருந்தா, ஒரு கார்டு எங்க முடியுது, அடுத்தது எங்க தொடங்குதுன்னாவது தெரிஞ்சிருக்கும். மஞ்சளும் போச்சு, காலியும் போச்சு. டேப்பு முழுக்க மூச்சு விடாம வெறும் நம்பர். ஊர்க்காட்டு வரப்பையெல்லாம் இடிச்சு ஒரே உழவா உழுதுபோட்டு, என் காடு எதுன்னு கேட்டா யாரு காட்டறது?

திருப்பி ஒருக்காப் படிச்சுப் பார்த்தாங்களா? இல்லை. டேப்பு வந்து இறங்கின வாரமே, ரூமு காலியாகட்டும்னு கார்டு அத்தனையும் பழைய காகிதக்காரன் வண்டியில ஏத்திவிட்டாச்சு. பொண்ணுங்க ஒவ்வொண்ணா மஞ்சள் இழுத்த கார்டு. என்னத்த சொல்ல.

மொதப் பட்டியல் அச்சாகி வந்தப்ப மில்லே கொந்தளிச்சுப்போச்சு. நூல் சுத்தற ரீலிங்ல இருக்கற ரங்கம்மாளை உனக்கு ஞாபகம் இருக்காது. வெள்ளைக்காரன் இருந்த காலத்துலயே வேலைக்குச் சேர்ந்தவ. பட்டியல்ல அவ போன வருசம் சேர்ந்தவளாம். அவ உழைச்ச வருசமெல்லாம் மீசை முளைக்காத ஒரு பையன் பேருல ஏறியிருந்துச்சு, எவனோ வாங்கின அட்வான்சு இவ தலையில இறங்கியிருந்துச்சு. எல்லாருக்கும் இதே கதிதான். கூட்டம் ஆபீசு முன்னாடி வந்து நின்னப்ப உன் பெரியப்பா படியில ஏறி நின்னாரு. தெரியாமப் போச்சுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போயி உக்காந்து சரி பண்ணிக் குடுத்திருப்பேன். அவரு சொன்னது இது: "எந்தம்பி சம்சாரம் போறப்ப வேணும்னே கார்டையெல்லாம் கலைச்சுப்போட்டுப் போயிருக்கா. பொம்பளை கையில மிஷினைக் குடுத்தது எங்க தப்புத்தான்."

தாலி போன பொம்பளை, பதில் சொல்ல அங்க வரமாட்டாங்கற தைரியம்.

அன்னிக்குப் பொழுதோட ரங்கம்மா நம்ம கேட்டுக்கிட்ட வந்து நின்னா. உள்ள வாம்மான்னேன், வரலை.

"ஏனுங்கம்மணி, உங்களுக்கு நானென்ன கெடுதல் பண்ணினேனுங்க? எம்பட சர்வீசைத் தூக்கி எவனுக்கோ குடுத்துப்போட்டீங்களே. இன்னும் நாலஞ்சு வருசத்துல ரிடையர் ஆவறவளுங்க நானு."

"நான் கலைக்கலை ரங்கம்மா. சத்தியமா நான் தொடலை."

"மொதலாளி அத்தனை பேருக்கு முன்னாடி சொல்றாருங்களே. அவரு பொய் சொல்லுவாருங்களா?"

கண்ணு, அவ என்னை வையலை. "ங்க" விடாமப் பேசி, கண்ணைத் தொடைச்சுட்டு, வாரேனுங்கன்னு சொல்லிட்டுப் போனா. அதுக்கப்புறம் துடியலூர்ச் சந்தைக்குப் போனாலும் மில்லுக்காரப் பொம்பளைங்க என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவாங்க. நான் காய் வாங்கி முடிச்சு நகர்ந்தப்புறம் மறுபடி பேசுவாங்க. இத்தனை வருசம் ஒரு கணக்குப் பிசகாமப் பார்த்தவளுக்கு இந்தப் பேரு. ஆம்பளை துணை இல்லாதவதானேன்னு என் மேல பழியை எறிஞ்சாரு பாரு, அதை நான் இன்னிவரைக்கும் விழுங்கலை. விழுங்கப்போறதும் இல்லை.

இப்ப அவரு ஏன் என்னை விசாரிக்கறாருன்னு கேளு. சங்கத்துக்காரங்க விடலை. சர்வீசுக் கணக்கைச் சரியாக் காட்டுன்னு லேபர் ஆபீசுல கெடு வெச்சுட்டாங்க. டேப்பை எப்படித் திருப்பிப் படிச்சும் ஆள் பிரியலை. அப்பத்தான் எவனோ அவரு காதுல ஓதியிருக்கான், அம்மா போறப்ப பெரிய தகரப்பெட்டி எடுத்துட்டுப் போனாங்களே, கார்டுக்கெல்லாம் காப்பி போட்டு வெச்சிருப்பாங்கன்னு. அவ்வளவுதான், ஊட்டுக்கு மலைவாழைப்பழத் தார் வந்துச்சு. அடுத்த வாரம் உன் பெரியம்மா மல்லிகைப்பூவோட வந்தா, எத்தனை வருசத்துக்கப்புறம்! அப்புறம் அவரே வந்தாரு. கூடத்துல உக்காந்து, மேல அட்டாலிப் பலகையில இருக்கற பெட்டியைப் பார்க்காத மாதிரி பார்த்துப் பார்த்துப் பேசினாரு.

"ஏனுங்கம்மணி, நீ எப்பவும் முன்யோசனைக்காரி. பழசு ஏதாச்சும் எடுத்து வெச்சிருந்தியின்னா..."

"பார்க்கலாமுங்க பாவா. காப்பி ஆறுதுங்க, குடிங்க."

"நாம ஒரே குடும்பம்."

"ஆமாங்க பாவா. அதுலயென்ன சந்தேகமுங்க."

அன்னிக்கு அவரு போனப்புறம் நான் கதவைச் சாத்திட்டு, உங்கப்பா படத்துக்கு முன்னாடி நின்னு சிரிச்சேன். அழுகற அளவுக்குச் சிரிச்சேன். அதுக்கடுத்த வாரந்தான் உனக்கு நாற்காலிக் கடுதாசி வந்திருக்குது. கண்ணு, உன் படிப்பு பெருசுதான், நான் இல்லைங்கலை. ஆனா அந்த நாற்காலியை அவரு என் பெட்டிக்காகத்தான் போட்டாரு.

பெட்டியில என்ன இருக்குதுன்னு உனக்கு மட்டும் சொல்றேன். இல்லை, உனக்கு மட்டுமில்லை, சத்தமாவே படி. உங்கப்பா ஆபீசுல மாத்திக்க வெச்சிருந்த ரெண்டு சட்டை, ஒரு துண்டு, காப்பி பிளாஸ்க், என் குடை. ஒத்தக் கார்டு கிடையாது. இருக்குதுன்னு நான் எங்கயும் சொன்னதும் கிடையாது. அவரா நெனைச்சாரு, அவரா பழம் அனுப்பினாரு, நான் பழத்தை உரிச்சுத் தின்னேன். பழம் நல்லாத்தான் இருந்துச்சு.

சரி, இனி நீ என்ன பண்ணணும்னு சொல்றேன். நாற்காலி வேணும்னா வா, அது உங்கப்பா பாதி உழைச்ச மில்லு, யாரும் உனக்குப் பிச்சை போடலை. வந்தா வேலையை ஒழுங்காச் செய். டேப்புல நம்பரெல்லாம் அப்படியேதான் இருக்குது, தொலையலை. எல்லை மட்டுந்தான் தொலைஞ்சுபோச்சு. லீவுக் கார்டுக்கு எத்தனை இடம், ஃபண்டுக் கார்டுக்கு எத்தனை இடம்னு நான் வரைஞ்சு தாரேன், அதை வெச்சுப் பாதிக்கு மேல வெட்டிப் பிரிச்சிருவே. ஆனா வெட்டின துண்டு யாருதுன்னு டேப்பு சொல்லாது. அதை அந்தந்த ஆளுகிட்டத்தான் கேக்கணும். எப்பச் சேர்ந்தீங்க, எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை நாள் லீவு எடுத்தீங்கன்னு கேட்டா, துண்டும் ஆளும் தானா ஒட்டிக்கும். அப்புறம் ஒவ்வொரு துண்டுலயும் ஆள் நம்பரைப் போடு. ஒவ்வொண்ணுக்கும் தலையில இது இத்தனை நீளம்னு எழுது. காலி இடத்துல கை வெக்காதே. நம்ம கண்ணுக்கு மட்டும் தெரியற அடையாளம் எதா இருந்தாலும் அதை ஓட்டையா மாத்திட்டுத்தான் ஊரு தாண்டி அனுப்பணும். அங்க ஏத்தினதை இங்க கொண்டுவந்து படிச்சு, ஆள் ஆளாச் சரி பார்த்தப்புறந்தான் பழசைத் தூக்கிப் போடணும். வேற எந்த ஊருல, எந்த மிஷின்ல வேலை பார்த்தாலும் இதை மறக்காதே.

கேக்கப் போறது நீ இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை. உன் பெரியப்பாதான் போகணும். மில்லு லைன் ஊடு, பெரியநாயக்கன்பாளையம், எங்கெங்க ஆளு இருக்குதோ அங்கெல்லாம் ஊடு ஊடாப் போகணும். போயி, மொதல்ல அவரு வாயால, "இதைக் கெடுத்தது நானுங்க, எந்தம்பி சம்சாரம் இல்லைங்க"ன்னு சொல்லணும். அதுக்கப்புறந்தான் கேள்வி. இதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் நீ அந்த நாற்காலியில உக்காரணும். ஒத்துக்கலைன்னா பட்டணத்துலயே இரு, அவரு லேபர் ஆபீசுல போயிப் பதில் சொல்லிக்கட்டும். வயசுல மூத்தவரை இப்படிப் பண்ணலாமாம்மான்னு கேப்பே. பண்ணலாம். படியில ஏறி நின்னு அத்தனை பேருக்கு முன்னாடி சொன்னவரு, இறங்கி வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லட்டும். மன்னிக்கற மனசு உனக்கு இருந்தா நல்லது, உங்கப்பா மாதிரி இருக்கேன்னு சந்தோசப்படறேன். ஆனா என் பேரைச் சொல்லி நீ மன்னிச்சுப்போடாதே. அந்த உரிமை உனக்கில்லை.

நேத்து ரங்கம்மாளுக்கு ஆள் விட்டேன். வருவாளோ மாட்டாளோன்னு இருந்துச்சு, வந்தா. எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னேன். அவ நாடியில கை வெச்சுட்டு அப்படியே உக்காந்துட்டா.

"அப்ப நாந்தானுங்க உங்களைத் தப்பா நெனைச்சுப்போட்டேன்" அப்படின்னா.

"உன் மேல தப்பில்லை ரங்கம்மா. மொதலாளி உங்கூட்டுக்குத்தான் மொதல்ல வருவாரு. வந்து உங்கிட்டச் சொல்லுவாரு."

"மொதலாளியா? எங்கூட்டுக்குங்களா?"

"வருவாரு. அவருக்கு வேற வழியில்லை."

அவளுக்கு உடனே கையும் ஓடலை காலும் ஓடலை. "ஏனுங்கம்மணி, ஒறம்பரை யாரு வந்தாலும் கட்டிலை எடுத்துப் போட்டு ஒரு வாய் காப்பித்தண்ணி குடுக்காம இருந்ததில்லீங்க. அவரு வந்தா உக்காரச் சொல்லலாமுங்களா?"

"அவரு சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும். அதுக்கு முன்னாடி வேண்டாம்."

ரங்கம்மா என் மூஞ்சியையே பார்த்தா. அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிட்டு எந்திரிச்சா.

"ஆகட்டுங்க அம்மணி," அப்படின்னா. "நிக்கட்டுங்க."

உன் அம்மா